ஆறு கார் ஓடிய உலகப் போட்டி

2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் திடலில் இருபது ஃபார்முலா ஒன் கார்கள் பந்தயத்துக்கு முந்தைய சுற்றைச் சுற்றி வந்தன. சுற்று முடியும் இடத்தில் பதினான்கு கார்கள் தடத்தை விட்டு விலகி, வரிசையாகப் பிட்டுக்குள் நுழைந்து நின்றுவிட்டன. தொடக்கக் கோட்டில் மிஞ்சியவை ஆறு. ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. நடுவில் காலியிடங்களோடு அங்கங்கே நின்ற அந்த ஆறு கார்களுக்கும் விளக்கு அணைந்தது, பந்தயம் தொடங்கியது.

டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கூச்சலிட்டது. பாட்டில்கள் தடத்தில் வந்து விழுந்தன. 73 சுற்றுகளும் ஓடின. மைக்கேல் ஷூமாக்கர் முதலாவது, பாரிக்கெல்லோ இரண்டாவது, ஜோர்டானின் தியாகோ மோண்டேரோ மூன்றாவது. மேடையிலிருந்து ஃபெராரிக்காரர்கள் இருவரும் கொண்டாடாமல் இறங்கிவிட, மோண்டேரோ மட்டும் ஷாம்பெய்னைப் பீய்ச்சிக் கொண்டாடினார். அவருக்கு அடுத்து, ஒரு சுற்று பின்தங்கி நான்காவதாக வந்தவர் கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். நான்காம் இடத்துக்கு அன்றைய கணக்கில் ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் அவர் வாழ்நாளில் எடுத்த புள்ளிகள் அவ்வளவே.

அந்த ஐந்து புள்ளி செல்லுமா? செல்லும். எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் நட்சத்திரக் குறி எதுவும் இல்லாமல் இருக்கிறது. அதற்கு என்ன மதிப்பு? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஒரு போட்டி செல்லுபடியாவதும் அதற்கு மதிப்பு இருப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே வருவதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டும் வெளிப்படையாகப் பிரிந்தன. பிரித்தது ஒரு டயர்.

இண்டியானாபொலிஸ் அடிப்படையில் ஒரு நீள்வட்டத் திடல். அதன் நான்கு வளைவுகளும் ஒவ்வொன்றும் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் நீளம். தொண்ணூறு பாகை திரும்பும் வளைவு 400 மீட்டர் நீளம் என்றால் அதன் ஆரம் சுமார் 256 மீட்டர். அந்த வளைவுகள் சமதளமும் அல்ல, உள்பக்கமாக ஒன்பது பாகைக்குச் சற்று மேல் சாய்ந்தவை. ஃபார்முலா ஒன் காரர்கள் அதில் ஒன்றை மட்டும் தங்கள் தடத்தின் பதின்மூன்றாம் திருப்பமாகப் பயன்படுத்தினார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் அதைக் கடப்பார்கள்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 83 மீட்டர். அந்த வேகத்தில் 256 மீட்டர் ஆரத்தில் திரும்ப, புவியீர்ப்பைப் போல இரண்டே முக்கால் மடங்கு முடுக்கம் வேண்டும். சாலை சமதளமாக இருந்தால் இந்த விசை முழுக்கப் பக்கவாட்டில் போய்விடும். சாய்ந்த சாலையில் அதில் ஒரு பங்கு காரைத் தரையோடு அழுத்துகிறது. ஒன்பது பாகைச் சாய்வுக்கு அந்தப் பங்கு ஆறில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. 600 கிலோ காருக்குக் கூடுதலாக 260 கிலோவுக்கு மேல் பாரம் ஏறுகிறது என்று அர்த்தம். இறக்கைகள் காற்றைக் கொண்டு அழுத்தும் பாரம் இதில் சேரவில்லை, அது தனி. திருப்பம் வலது பக்கம் என்பதால் சுமையெல்லாம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல், அதிலும் பின் டயரின் மேல் வந்து விழும்.

டயர் ஒரு தடவை சுழன்றால் அதன் பக்கச்சுவர் ஒரு தடவை பிதுங்கி நிமிரும். ஃபார்முலா ஒன் டயரின் விட்டம் 66 சென்டிமீட்டர், ஆகவே அந்த வேகத்தில் நொடிக்கு நாற்பது சுழற்சி. வளைவைக் கடக்க ஐந்து நொடி. சுற்றுக்கு இருநூறு தடவை வீதம் 73 சுற்றுக்கும் பார்த்தால், பதினான்காயிரம் தடவை அந்த ரப்பர் சுவர் தன் எல்லைக்குப் பக்கத்தில் மடங்கி நிமிர வேண்டும். 2005ஆம் ஆண்டின் விதி இன்னொரு வினையைச் சேர்த்திருந்தது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான், நடுவில் மாற்றக்கூடாது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டாவின் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் அந்த வளைவிலேயே கிழிந்து, கார் சுவரில் மோதியது. டயரைச் செய்த மிஷலின் நிறுவனம் ஆராய்ந்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் அந்த வளைவில் பந்தயம் முழுதும் ஓடினால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிட்டது. பிரான்சிலிருந்து விமானத்தில் வந்த மாற்று டயர்களாலும் பலனில்லை. ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மூன்றும் பிரிட்ஜ்ஸ்டோன் போட்டவை. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதே திடலில் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்துவந்ததால், அந்த வளைவின் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை இரவும் ஞாயிறு காலையும் நடந்த பேரம்தான் இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. வளைவுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து வேகத்தைக் குறைத்தால் எல்லோரும் ஓடலாம் என்றார்கள் மிஷலின் அணிக்காரர்கள். தங்களுக்குப் புள்ளிகூட வேண்டாம், கூட்டத்துக்காக ஓடுகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ மறுத்தது. ஆய்வு செய்து ஒப்புதல் கொடுத்த தடம் ஒன்று, கடைசி நேரத்தில் தடுப்பு வைத்த தடம் வேறொன்று. சரியான டயரோடு வந்தவரை, தவறான டயரோடு வந்தவருக்காகத் தண்டிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். ஆக, மேசையில் இரண்டு பந்தயங்கள் இருந்தன. இருபது பேரும் ஓடும், ஆனால் கணக்கில் சேராத பந்தயம் ஒன்று. ஆறு பேர் ஓடும், கணக்கில் சேரும் பந்தயம் இன்னொன்று. எஃப்.ஐ.ஏ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. விதியின்படி பார்த்தால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பார்க்க வந்தவன் நிலையில் நின்று பார்த்தால் நானும் பாட்டில் எறிந்திருப்பேன்.

விளைவு காகிதத்தில் வேடிக்கையாக நிற்கிறது. அந்த ஆண்டு முழுக்க ஜோர்டான் எடுத்தது 12 புள்ளி, அதில் 11 இந்த ஒரே நாளில் வந்தது. மினார்டி எடுத்த ஏழு புள்ளியும் இதே நாளில்தான். ஃபெராரிக்கு அந்த ஆண்டின் ஒரே வெற்றியும் இதுதான்.

காகிதமும் களமும் இப்படிப் பிரிவது மோட்டார் பந்தயத்தில் மட்டும் நடப்பதல்ல. இதைப் படிக்க மிகத் தோதான விளையாட்டு, நம் ஊரில் யாரும் ஆடாத ஐஸ் ஹாக்கி. அதற்கு ஆண்டுதோறும் முறைப்படி உலகச் சாம்பியன்ஷிப் உண்டு. ஆனால் அது நடக்கும் வசந்த காலத்தில், வட அமெரிக்காவின் என்.எச்.எல் லீக்கில் ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களும் நடக்கும். உலகின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களில் பலர் அங்கே மாட்டிக்கொள்வார்கள். தோற்று வெளியேறியவர்கள் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வருவார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் தகராறில் கனடா 1970இல் விலகி, 1977இல்தான் திரும்பி வந்தது. நடுவில் 1972இல் கனடாவும் சோவியத் ஒன்றியமும் எட்டு ஆட்டம் ஆடின. கோப்பை இல்லை, உலகப் பட்டம் இல்லை, வெறும் நட்புத் தொடர். மாஸ்கோவில் எட்டாவது ஆட்டம் முடிய 34 நொடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலில் கனடா தொடரை வென்றது. அந்த ஆண்டின் முறையான உலகச் சாம்பியன் யார் என்று இன்று யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, ஹெண்டர்சனை மறந்த கனடியர் இல்லை. ஒலிம்பிக்கிலும் இதே கதை. 1998 முதல் 2014 வரை ஐந்து முறை என்.எச்.எல் ஆட்டக்காரர்கள் வந்தார்கள், 2018இலும் 2022இலும் வரவில்லை. பதக்கத்தின் தங்கம் அதே தங்கம்தான்.

இன்னொரு சங்கதியும் இதில் உண்டு, அது தற்செயல். ஐஸ் ஹாக்கியில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக மூன்று கோல் அடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த எண்ணிக்கை சும்மா அதிர்ஷ்டத்தாலேயே ஒன்றரை இரண்டு கோல் மேலும் கீழும் ஆடும். அதனால் ஒற்றை ஆட்டத்தில் நோஞ்சான் அணி ஜெயிப்பது பெரிய அதிசயமல்ல. நூற்றுக்கு அறுபது ஆட்டம் ஜெயிக்கக்கூடிய அணி, ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிக்க வேண்டும் என்ற தொடரில் நூற்றுக்கு எழுபத்தொரு முறை ஜெயிக்கும். ஸ்டான்லி கோப்பை ஏழு ஆட்டத் தொடராக நடக்கிறது, ஒலிம்பிக் இறுதிப் போட்டி ஒரே ஆட்டம். யார் வந்தார்கள் என்பதோடு, எத்தனை தடவை நிரூபித்தார்கள் என்பதும் ஒரு பட்டத்தின் எடையில் சேர்கிறது.

கொங்கு நாட்டில் இதே கேள்விக்கு வேறொரு விடை பழக்கத்தில் இருக்கிறது: ரேக்ளா. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் நடக்கும் ரேக்ளாவில் எல்லா வண்டியும் ஒன்றாகப் பாய்வதில்லை. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, காளையின் பல்லைப் பார்த்து வயது பிரித்து, ஜோடி ஜோடியாக ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். தெற்கே மதுரை, ராமநாதபுரம் பக்கம் பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒரே ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும். யார் முன்னால் வந்தார் என்பது ஊரே பார்த்த உண்மை. கொங்கில் சாட்சி கடிகாரம். காங்கேயம் காளை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எதிரே யார் ஓடினார் என்பது கடிகாரத்துக்கு வேண்டாத விஷயம். ஆனால் ரேக்ளா பார்க்கப் போகிறவர் அப்படி விடமாட்டார். நோட்டீஸைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, பேர்பெற்ற மாடுகள் எதெது வருகிறது என்பதுதான். நல்ல மாடுகள் வராத ரேக்ளாவில் முதல் பரிசு வாங்கிய ஜோடிக்குச் சந்தையில் விலை ஏறாது. கடிகாரம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சரி.

காருக்கு வருவோம். கோவையில் இந்த விளையாட்டுக்கு வேர் பிடித்தது மில்லும் பட்டறையும் இருந்ததால்தான். வார்ப்படச் சாலை, லேத், மோட்டார், பம்ப்செட், செயின் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் பந்தயமும் ஓட்டினார், பந்தயக் காரும் வடிவமைத்தார். 1980களின் பிற்பாதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800இன் 796 சிசி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றின் முதுகில் வைத்தது. இறக்குமதிக் கார் வாங்க வசதியில்லாத பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்றானது. 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலான கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

விலை குறைவு என்பதற்காக மட்டும் ஃபார்முலா மாருதியை நான் முக்கியமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே கார். ஒரே இன்ஜின், ஒரே சட்டகம் கொடுத்துவிட்டால் முன்னால் வருபவரை முன்னால் கொண்டுவந்தது காசா, காரா, கையா என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்ப்பதும் இதுவே. ரேலி ஓட்டி தேசியப் பட்டம் வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் தன் முதல் ரேஸை ஓட்டியதும் ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் இந்த ஃபார்முலா மாருதியில்தான். முதல் ரேஸிலேயே மேடை ஏறினார்.

அதே செட்டிபாளையம் தடத்துக்கு, ஃபார்முலா பாரத் என்ற பொறியியல் மாணவர் போட்டிக்காக நாடெங்கும் உள்ள கல்லூரிகளிலிருந்து தாங்களே செய்த காரோடு பிள்ளைகள் வருவார்கள். ஓடுவதற்கு முன் நடக்கும் சோதனையைப் பார்த்தால் செல்லுபடி என்பது எவ்வளவு பௌதிகமான விஷயம் என்று புரியும். ஆள் உட்கார்ந்திருக்கும் காரை ஒரு பலகையில் ஏற்றி, பக்கவாட்டில் அறுபது பாகைக்குச் சாய்ப்பார்கள். மேல்பக்கச் சக்கரம் தூக்கக்கூடாது, எண்ணெய் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. அறுபது பாகைச் சாய்வு, புவியீர்ப்பைப் போல 1.7 மடங்கு பக்கவாட்டு விசையோடு வளைவில் திரும்புவதற்குச் சமம். அதாவது, கார் நின்ற இடத்திலேயே நின்றபடி, இன்னும் ஓடாத திருப்பத்தைக் கடந்து காட்டுகிறது. அப்புறம் பிரேக் சோதனை: வேகமெடுத்து வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் இறுகிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சக்கரம் உருண்டாலும் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வர வேண்டியதுதான். ஆண்டு முழுக்கப் பட்டறையில் கிடந்து செய்த காரை இந்தப் பலகையைத் தாண்ட முடியாமல் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் ஜெர்மனியில் நடக்கும் இதே வகை மாணவர் போட்டியிலும் இங்கேயும் அதே பாகை, அதே சொட்டுக் கணக்கு என்பதால்தான் இங்கே வாங்கிய இடத்தை அங்கே சொல்லிக்கொள்ள முடிகிறது.

தடங்களுக்கும் இதே போலத் தரம் உண்டு. எஃப்.ஐ.ஏ தடங்களைப் பிரிக்கும் அளவுகோல் ஓட்டக்கூடிய காரின் எடையை அதன் குதிரைத்திறனால் வகுத்த எண். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான கார் என்றால் முதல் தரத் தடம் வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு கிலோ இரண்டாம் தரம், இரண்டிலிருந்து மூன்று மூன்றாம் தரம், அதற்கு மேல் நான்காம் தரம். 2005இன் ஃபார்முலா ஒன் காரில் 600 கிலோவைத் தூக்க ஏறக்குறைய 900 குதிரைகள். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும், நிற்கத் தேவையான தூரமும் அப்படியே. ஆகவே தடத்தின் ஓரத்தில் விடவேண்டிய வெற்று நிலமும், டயர் சுவர்களும், வேலியும் அந்த வர்க்கத்தோடு வளர்கின்றன. செட்டிபாளையத்தில் ஃபார்முலா ஒன் ஓட முடியாததற்குக் காரணம் யாருடைய ஓரவஞ்சனையும் இல்லை, வேகத்தின் வர்க்கம்.

சரி, தடமும் சரி, விதியும் சரி, எல்லோருக்கும் ஒரே கார், போதாக்குறைக்கு நாடுகளுக்கு இடையே போட்டி. இப்படி ஒரு உலகக் கோப்பை நடத்தினால் மதிப்பு தானாக வருமா? 2005இல் துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மக்தூம் அதைச் செய்து பார்த்தார். பெயர் ஏ1 கிராண்ட் பிரி. எஃப்.ஐ.ஏ ஒப்புதல் இருந்தது. ஒரே மாதிரியான லோலா கார், இன்ஜினும் ஒன்றே. ஓட்டுநர் பெயருக்குப் பதில் நாட்டின் கொடி. மோட்டார் பந்தயத்தின் உலகக் கோப்பை என்றே விளம்பரம் செய்தார்கள். 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாய் தடத்தில் இந்தியக் காரை ஓட்டிய நரேன் முதன்மைப் பந்தயத்தை வென்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் இன்னொன்று.

இண்டியானாபொலிசின் நான்காம் இடத்தோடு சூஹாயை வைத்துப் பாருங்கள். இங்கே கையில் இருந்தது எதிராளியிடம் இருந்த அதே கார். யாரும் பிட்டுக்குள் ஒதுங்கவில்லை. திறமையை அளக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் நரேனைப் பற்றி எழுதும் எவரும் முதலில் எழுதுவது ஐந்து புள்ளியை. ஏன்? ஏ1இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் தங்கள் உச்சத்தில் இருக்கும்போது வரவில்லை. அது நடந்தது மற்றப் போட்டிகள் ஓய்வெடுக்கும் குளிர்காலத்தில். வந்தவர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தவர்களும் கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்களும். 2009இல் பணம் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவில் நடக்கவேண்டிய பந்தயத்துக்குக் கார்களே வந்து சேரவில்லை. அத்தோடு அந்தக் கோப்பை முடிந்தது.

ஆனாலும் மதிப்பு பின்னோக்கியும் பாயும். 2006-07இல் ஜெர்மனிக்கு ஏ1 பட்டம் வாங்கிக் கொடுத்த நிக்கோ ஹுல்கன்பெர்க் பிறகு ஃபார்முலா ஒன்னில் நெடுநாள் ஓட்டினார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்துக்கு வாங்கிக் கொடுத்தவர் நீல் ஜானி, தந்தை வழியில் இந்தியர். அவர் பின்னர் லு மான் 24 மணிப் பந்தயத்தை வென்றார். யாரை வென்றோம் என்பது வென்ற நாளில் தெரிவதில்லை, பத்து ஆண்டு கழித்துத் தெரிகிறது. மக்காவ் நகரில் நடந்துவந்த ஃபார்முலா 3 பந்தயத்துக்கு இருக்கும் பேர், 1983இல் சென்னாவும் 1990இல் மைக்கேல் ஷூமாக்கரும் அங்கே ஜெயித்ததால் பிறகு வந்து சேர்ந்தது. புள்ளியியல்காரர்கள் ஒரு லீக்கை இன்னொன்றோடு ஒப்பிடுவதும் இப்படி இரண்டிலும் ஓடியவர்களை வைத்துத்தான். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு லீக்குகளும் தனித்தனித் தீவுகள்.

இந்த மங்கலான மதிப்பை எண்ணாக்கியே தீருவது என்று ஒருநாள் எஃப்.ஐ.ஏ உட்கார்ந்தது. 2015இல் பதினேழு வயது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபார்முலா ஒன்னுக்குள் வந்ததையொட்டி எழுந்த யோசனை. ஃபார்முலா ஒன் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும், மற்றப் போட்டிகளில் மூன்று ஆண்டில் நாற்பது புள்ளி சேர்க்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. எந்தப் போட்டிக்கு எத்தனை புள்ளி என்று ஒரு அட்டவணை. ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடத்துக்கும் நாற்பது. அமெரிக்காவின் இண்டிகார் பட்டத்துக்கு நாற்பது, ஆனால் அங்கே இரண்டாம் இடத்துக்கு முப்பதுதான். ஃபார்முலா 3 பட்டத்துக்கு முப்பது. எஃப்4 பட்டத்துக்குப் பன்னிரண்டு. உலகத்தில் நடக்கும் பந்தயங்களுக்கெல்லாம் அரசாங்கம் நெல்லுக்குக் கொள்முதல் விலை அறிவிப்பது போல மதிப்பு அறிவித்துவிட்டார்கள். 2022இல் கோல்டன் ஹெர்டா என்ற இளைஞரை ஃபார்முலா ஒன்னுக்குக் கூட்டிவர ஒரு அணி விரும்பியபோது இந்த அட்டவணை தடுத்தது. இண்டிகாரில் பல பந்தயங்கள் வென்றவர் அவர். அமெரிக்காவில் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த அட்டவணையின் மேல் முழு நம்பிக்கை கிடையாது. தன் ஏணியில் ஏறி வருபவர்களுக்கு அதிகமும் வேறு ஏணிக்குக் குறைவும் கொடுக்கும் கை அதில் தெரிகிறது. இதே அமைப்பின் பழைய கணக்கு ஒன்று இதைவிட விசித்திரமானது. 1950 முதல் 1960 வரை இண்டி 500 பந்தயம் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. ஐரோப்பிய ஓட்டுநர்கள் அநேகமாக யாரும் போகவில்லை. 1952இல் ஃபெராரியோடு போன அஸ்காரி போன்ற விதிவிலக்குகள் தவிர, ஓடியவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள். கார்களும் வேறு விதியில் செய்தவை. அப்படியும் பட்டியலில் அவர்கள் ஃபார்முலா ஒன் வென்றவர்கள். இண்டி 500க்கு அந்தப் பட்டியலால் ஒரு காசு மதிப்பும் கூடவில்லை, அது விலகியபோது குறையவும் இல்லை. அதே திடல், பாருங்கள்.

2011இல் நரேன் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். ஹெச்.ஆர்.டி என்ற ஸ்பானிய அணி, வரிசையின் கடைசி. அந்த ஆண்டு மீண்டும் வந்த விதி ஒன்று இருந்தது: தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் மிக வேகமான நேரத்தைவிட ஏழு சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் பந்தயத்துக்கே இடமில்லை. மிக வேகமானவர் 90 நொடியில் சுற்றினால் நீங்கள் 96.3 நொடிக்குள் சுற்றியாக வேண்டும். மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்திலேயே அந்த அணியின் இரண்டு கார்களும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஆறு கார் ஓடிய பந்தயத்தைச் செல்லும் என்று ஒப்புக்கொண்ட அதே விளையாட்டு, சில நொடிகளுக்காக ஒருவரை வாசலில் நிறுத்தியது. இரண்டிலும் ஓட்டியவர் ஒரே ஆள்.

அந்த அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரி. நரேன் பதினேழாவதாக முடித்தார், புள்ளி இல்லை. கார் அவ்வளவுதான் போகும். மூன்றே ஆண்டில், 2013ஓடு, அந்தப் பந்தயமும் நின்றது. உலக அமைப்பு முதல் தரம் என்று சான்று கொடுத்த தடத்தில் நடந்த உலகப் போட்டியை, உத்தரப் பிரதேச அரசு விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் கேளிக்கை என்று சொல்லி வரி கேட்டது. எந்த அலுவலகத்தின் முத்திரை எந்த அலுவலகத்தில் செல்லும் என்பது தனிப் புதிர்.

பிறகு நரேன் ஜப்பானுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜி தடத்தில் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய இரண்டு பந்தயங்கள் நடந்தன. இரண்டு நாட்டு விதிகளும் நெருங்கி வந்துவிட்டதால் ஒரே களத்தில் விடலாம் என்று செய்த பரீட்சை. எந்தப் பட்டத்துக்கும் எந்தப் புள்ளியும் இல்லை. ஹோண்டா, டொயோட்டா, நிசான், ஆடி, பிஎம்டபிள்யூ எல்லாம் தொழிற்சாலை அணிகளோடு வந்திருந்தன. இரண்டாம் நாள் பந்தயத்தை ஹோண்டா என்.எஸ்.எக்ஸில் வென்றவர் நரேன், 42 வயதில். என்னைக் கேட்டால் சூஹாய்க்கும் மேலே, இண்டியானாபொலிசுக்கு வெகு மேலே அதை வைப்பேன். வந்து தோற்றவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

இப்போது செட்டிபாளையம் தடத்திலும் எஃப்.ஐ.ஏ சான்று பெற்ற இந்திய எஃப்4 சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் நடந்திருக்கின்றன. 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடியதும் இதே போட்டிதான். பட்டம் வென்றால் பன்னிரண்டு புள்ளி. களத்தில் வண்டிகள் குறைந்தால் அதிலும் வெட்டு விழும், ஆக யார் வந்தார் என்ற கேள்வி விதிப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பன்னிரண்டு முழுதாகக் கிடைத்தாலும் நாற்பதுக்கு இன்னும் இருபத்தெட்டு வேண்டும், அதையும் மூன்று ஆண்டுக்குள். அவை செட்டிபாளையத்தில் கிடைக்காது, சென்னையிலும் கிடைக்காது. ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று பெரும்பாலும் ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும், ஒரு ஆண்டுக்கே பல கோடி ரூபாய் கேட்கும் அணிகளிடம்.